கடன் நோட்டும் வாக்குத்தத்த அட்டையும்

(தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் ஒரு பலசரக்குக் கடை. சனிக்கிழமை சாயங்காலம். ஆசீர் காலி எண்ணெய்க் கேனோடு வருகிறார். அண்ணாச்சியும் அவரும் ஒரே சபை. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபையில் சாட்சி சொல்ல ஆசீர் எழுந்தால், ஐயர் (சபைப் போதகர்) கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.)

ஆசீர்: தோத்திரம் அண்ணாச்சி!

அண்ணாச்சி: தோத்திரம். பாக்கி 1,840.

ஆசீர்: நான் இன்னும் வாயே தொறக்கலயே.

அண்ணாச்சி: கேன் தொறந்திருக்கே.

ஆசீர்: விசுவாசத்துல கொண்டு வந்தேன். நாளைக்கு ஐயர் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாராரு. பைபிள்ல எலிசா தீர்க்கதரிசி காலத்துல அந்த விதவைகிட்ட ஒரு குடம் எண்ணெதான் இருந்துச்சு. காலிப் பாத்திரம் எத்தனை வச்சாளோ அத்தனையும் நிரம்பிச்சா இல்லையா?

அண்ணாச்சி: நிரம்பிச்சு. அந்த எண்ணெய என்ன செஞ்சா?

ஆசீர்: பணியாரம் சுட்டிருப்பா.

அண்ணாச்சி: 2 இராஜாக்கள் 4, ஏழாம் வசனம். 'நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து.' கடன் கொடுத்தவன் அவ ரெண்டு பிள்ளையளையும் அடிமையாப் புடிச்சிட்டுப் போக வந்துட்டான். கதையே அங்கதான் ஆரம்பிக்கு. நான் உன் பிள்ளையளையா கேட்டேன்?

ஆசீர்: கடைசிப் பயல வேணும்னா கூட்டிட்டுப் போங்க. ராத்திரிக்குள்ள நீங்களே கொண்டாந்து விட்டுருவிய.

அண்ணாச்சி: சோலியப் பாருடே.

ஆசீர்: சரி, அதே எலிசா காலத்துக் கோடாலி? யோர்தான் ஆத்துல விழுந்த இரும்பே மிதந்துச்சு. எனக்கு ஒரு வழி பொறக்காதா?

அண்ணாச்சி: விழுந்த உடனே அந்த ஆளு என்னன்னு கத்துனான்? 'ஐயோ, அது இரவலாக வாங்கப்பட்டதே'ன்னான். இரவல் சாமான் போச்சேன்னு அவனுக்குப் பதறிச்சு. கிறிஸ்மஸ் ஸ்டார் கட்ட நீ வாங்கிட்டுப் போன என் ஏணி எங்கடே?

ஆசீர்: பத்திரமா இருக்கு. மச்சான் வீட்டுல.

அண்ணாச்சி: மச்சான் எந்த ஊர்ல?

ஆசீர்: (அவசரமாக) இயேசு சொல்லி பேதுரு தூண்டில் போட்டாரு, மீன் வாயில காசு!

அண்ணாச்சி: அதுவும் வரி கட்டத்தான். மத்தேயு 17.

ஆசீர்: என்ன அண்ணாச்சி இது, எந்த அற்புதத்தத் தொட்டாலும் உள்ள ஒரு பாக்கி கெடக்கு! பைபிள விடுங்க. ஜார்ஜ் முல்லர்! 1836-ல பிரிஸ்டல்ல அநாதைப் பிள்ளையளுக்கு இல்லம் ஆரம்பிச்சு, பத்தாயிரம் பேருக்கு மேல வளத்தாரு. ஒரு மனுஷன்கிட்ட காசு கேக்கல. ஜெபம் மட்டுந்தான்.

அண்ணாச்சி: அவரு ஒருத்தர்கிட்டயும் கேக்கல. நீ எதிர்த்த கடையில கேட்டுட்டுத்தான் இங்க வாரே. அந்தப் பையன் அங்க இருந்தே எனக்குக் கையை ஆட்டிக் காட்டிட்டான். முல்லர் கடன் வாங்குறதே இல்லேன்னு இருந்தவரு. வந்த காசு, செலவான காசு எல்லாத்துக்கும் கணக்கெழுதி வருஷா வருஷம் அச்சடிச்சு வெளியிட்டாரு. நீ உன் கணக்க வெளியிடுவியா?

ஆசீர்: அதத்தான் நீங்க ஊரு பூரா வெளியிட்டுட்டியளே.

(அண்ணாச்சிக்கு இருமல் வருகிறது. பதில் இல்லாதபோது வழக்கமாக வருவதுதான்.)

ஆசீர்: இயேசுவே சொல்லியிருக்காரு. 'உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே.' இதுக்கு என்ன சொல்லுதிய?

அண்ணாச்சி: முகங்கோணலயே. பாரு, சிரிச்சுக்கிட்டேதான இல்லேங்கேன்.

ஆசீர்: (சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து) அப்ப இதப் பாருங்க. வருசப்பிறப்பு ஆராதனையில அட்டை எடுத்தப்ப எனக்கு விழுந்த வாக்குத்தத்த வசனம். 'நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய்.' நானே கொடுக்கப் போறவன் அண்ணாச்சி!

அண்ணாச்சி: ஏன் நிறுத்திட்ட? மிச்சத்தையும் வாசி.

ஆசீர்: எழுத்து பொடிசா இருக்கு.

அண்ணாச்சி: வாசிடே.

ஆசீர்: (மெதுவாக) 'நீயோ கடன் வாங்காதிருப்பாய்.'

அண்ணாச்சி: கர்த்தர் கொடுத்த வாக்கு. நான் எண்ணெயக் கடனா ஊத்துனா அது பொய்யாப் போகும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?

(கல்லாப் பக்கத்துப் பெட்டி திடீரென்று பேசுகிறது: 'இரண்டாயிரம் ரூபாய் பெறப்பட்டது.')

அண்ணாச்சி: (போனைப் பார்த்து) எஸ்தர். உன் மவதான?

ஆசீர்: அல்லேலூயா! கேட்டியளா, வானத்துல இருந்து சத்தம்!

அண்ணாச்சி: கோயம்புத்தூர்ல இருந்து சத்தம். காலையில நான்தான் போன் போட்டு விஷயத்தச் சொன்னேன்.

ஆசீர்: நீங்க போட்டு அவ எடுத்தாளா?

அண்ணாச்சி: முதல் மணியிலயே எடுத்தா.

ஆசீர்: நான் நாள் முச்சூடும் போட்டாலும் எடுக்க மாட்டா! அண்ணாச்சி, இத ஞாயித்துக்கிழமை சாட்சியாச் சொல்லிருவேன்.

அண்ணாச்சி: 1,840 சொன்னியன்னா ஆமென் சொல்லுவேன். நோட்ல அடிச்சாச்சு.

ஆசீர்: அந்த ஏழாம் வசனத்த நீங்களும் பாதியிலதான் நிறுத்துனிய. 'மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்.' மீந்தது 160 இருக்கு. கடலெண்ணெ ஒரு லிட்டர் ஊத்துங்க.

அண்ணாச்சி: லிட்டர் 200.

ஆசீர்: மிச்ச நாப்பத எழுதிக்கிடுங்க.

அண்ணாச்சி: (முகங்கோணாமல்) எண்ணூறு மில்லி ஊத்துதேன். ஐயருக்குக் கொலஸ்ட்ரால்.