வலிக்காத கடிக்குத்தான் பயப்பட வேண்டும்
பாம்பு கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறது பாம்புக்கடி பற்றிய ஒரு கட்டுரை. சரி, புடையன் (கண்ணாடி விரியன்) கடிக்கு அது பொருந்தும். எட்டடி விரியனுக்கு (கட்டுவிரியன்) பொருந்தாது. இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட அடையாளம்கூடச் சில நேரம் தெரியாது. எங்கள் அம்மம்மா விடிய எழும்பி வயிறு நோகுது என்றார். சோடா கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். கண் இமையைத் தூக்க முடியாமல் போனபோதுதான் பாம்புக்கடி என்று விளங்கியது. தசைகளைச் செயலிழக்க வைத்து மூச்சையே நிறுத்தும் நஞ்சு அது. மெசினில் சுவாசம் கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். மற்றது, யாழ்ப்பாணத்தில் இன்னமும் நஞ்சை உறிஞ்சும் என்று கடிவாயில் விஷக்கல் வைக்க நாட்டு வைத்தியரான பரியாரியிடம் ஓடி மணித்தியாலக் கணக்கில் வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். போன மாரியிலும் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் அப்படித்தான் பரியாரியிடம் போனார். கேட்டால் பரம்பரை வைத்தியமாம்!