தொட்டியில் இருப்பது இமயமலை லிவர்வொர்ட் அல்ல
“பூந்தொட்டியில் படரும் பச்சைத் தகடு இந்தியாவில் மட்டுமே வாழும் அரிய லிவர்வொர்ட், நல்ல விலை போகும்” என்று பெங்களூருத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. லிவர்வொர்ட் என்பது ஈர மண்ணில் தகடுபோலப் படரும், பூக்காத சிறு செடி.

படத்தோடு சொல்லப்படும் ஐச்சிசோனியெல்லா ஹிமாலயென்சிஸ் உண்மையிலேயே அரியதுதான். இந்தியத் தாவரவியலாளர் ஷிவ் ராம் கஷ்யப் 1914இல் விவரித்த அந்தச் செடியின் இருப்பிடம் மேற்கு இமயமலை. பெங்களூரு பால்கனி அல்ல.

10 மடங்கு லென்ஸில் பாருங்கள். தகட்டின் மேல் வட்டக் கிண்ணங்களும் உள்ளே பச்சைப் பொட்டுகளும் இருந்தால் அது மார்கான்ஷியா. கிண்ணம் பிறை வடிவில் இருந்தால் லுனுலேரியா. இரண்டும் சாதாரண நர்சரிக் களைகள் (விலை கேட்டால் நர்சரிக்காரரே சிரிப்பார்). இமயமலை இனத்துக்குக் கிண்ணமே கிடையாது.

வெறுமனே சுரண்டினால் திரும்ப முளைக்கும். நீர் தெறிக்கையில் கிண்ணத்திலிருந்து சிதறும் ஒவ்வொரு பொட்டும் புதுச் செடியாகலாம். மேல்மண்ணை 2 செ.மீ. நீக்கி, பருமணல் பரப்பி, மேற்பரப்பு காய்ந்தபின் மட்டும் நீர் விடுங்கள்.