ஐந்து நிமிடம்தானாம்!

நேற்று மதியத்திலிருந்து வயிறு எரிகிறது. எங்காவது கொட்டினால்தான் இன்றைக்காவது தூக்கம் வரும்.

அம்மா வந்திருக்கிறார். நான் வேலை பார்க்கும் அயர்லாந்தின் கால்வேயிலிருந்து, கடலோரம் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைமுகத்துக்கு அரை நாள் கோச் டூர் போட்டேன். காலை 8 மணிக்குக் கிளம்பி 1.15க்குத் திரும்ப வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வழியில் பாலிவான் என்ற ஊரில் காபிக்கும் கழிப்பறைக்குமாக 20 நிமிடம், பரன் சுண்ணாம்புப் பாறைவெளியில் 15 நிமிடம். மோஹரில் 90 நிமிடம். எல்லாம் போகப் பத்து நிமிடம்தான் கையிருப்பு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குச் சோற்றை அளந்து வைத்த மாதிரியான கணக்கு. ஒருவர் இரண்டாம் முறை வாங்கினால் இன்னொருவருக்கு இலை காலி.

எங்கள் கோச்சில் இரண்டாம் முறை வாங்க நாலு பேர் இருந்தார்கள்.

8 மணிக்கு 42 பேர் உள்ளே உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆறரைக்கே எழுந்து, தைலம் தேய்த்து, 7.40க்கு ஏறிவிட்டார். நாலு பேரும் 8.16க்குக் கையில் காபிக் கோப்பையோடு ஆடி அசைந்து வந்தார்கள். "ஐந்து நிமிடம்தானே!" என்று அதில் சிவப்புத் தொப்பி போட்டவன் சிரித்தான். கைடும் சிரித்தார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டது. பதினாறு எப்படி ஐயா ஐந்தாகும்?

பாலிவானில் கூடுதலாகப் பதினொரு நிமிடம் போனது. சரி, காபி வரிசை நீளம், விடு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்து பரன். அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோபத்திலும் அது அழகுதான். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பு, இன்றைக்குச் சாம்பல் நிறத் தளம் போட்ட மாதிரி கடல் வரைக்கும் கிடக்கிறது. வெடிப்புகளுக்குள் குனிந்து பார்த்தால் நல்ல நீலத்தில் ஜென்ஷியன் பூ. ஆல்ப்ஸ் மலையில் வளரும் செடியும் மத்தியதரைக்கடல் ஓரத்துச் செடியும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. 1651இல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படையோடு வந்த லட்லோ என்ற அதிகாரி இந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை என்று எழுதிவைத்தாராம். கைடு இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். 15 நிமிடம் முடிந்து மேலும் 13 நிமிடம் ஆனபிறகும் அந்த நாலு பேரும் தூரத்துப் பாறையில் நின்று குதித்துக் குதித்துப் போட்டோ எடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான், லட்லோ எந்த மனநிலையில் அதை எழுதியிருப்பார் என்று புரிந்தது.

இதற்குத் தண்டனை உண்டு என்றார் கைடு. தாமதமாக வந்தவர்கள் மைக்கில் பாட வேண்டுமாம். பாடினார்கள். நாலு பேரும் சேர்ந்து, குஷியாக, மூன்று பாட்டு. ஃபனோர் கடற்கரை முழுக்க ஜன்னலில் ஓடி முடியும் வரை பாடினார்கள். யாருக்கு ஐயா தண்டனை?

மோஹர் வந்ததும் கைடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேரம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, 90 நிமிடத்தை 60 ஆக்கிக்கொள்வோம்." ஆக்கிக்கொள்வோமா? யாருடைய 30 நிமிடம் அது?

டிரைவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐரோப்பியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் அவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், வண்டியில் இருக்கும் கருவி அதையெல்லாம் பதிவு செய்யும். அதே வண்டிக்கு மதியம் இன்னொரு டூர் வேறு. அதனால் திரும்பும் நேரத்தை நீட்ட முடியாது என்பது நியாயம். ஆனால் வெட்டுவதற்குக் கிடைத்தது மோஹர் மட்டும்தானா? நாங்கள் காசு கொடுத்ததே அதற்குத்தானே!

90 நிமிடம் இருந்தால் இரண்டு பக்கமும் போகலாம். கடலைப் பார்த்து நின்றால் வலது பக்கம் படியேறி ஓ'பிரையன் கோபுரம். கார்னீலியஸ் ஓ'பிரையன் என்ற நிலச்சுவான்தார், பார்க்க வருபவர்களுக்காக 1835இலேயே கட்டியது. அதன் பக்கத்தில்தான் பாறை அதிக உயரம், 214 மீட்டர். இடது பக்கம் போனால் கீழே பஃபின் பறவைகள் கூடு கட்டும் சரிவு தெரியும். கிளியின் அலகை வைத்துக்கொண்டு கோட்டு போட்ட மாதிரி இருக்கும் அந்தப் பறவையை அம்மாவுக்கு ஒரு வாரமாகப் போனில் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஏதாவது ஒரு பக்கம்தான். கோபுரம் என்று முடிவு செய்து ஏறினோம். முழங்கால் வலியோடு, படிக்குப் படி நின்று நின்று.

மேலே போனால் மூடுபனி. சுவர் ஓரத்து லிஸ்கானர் பலகைக்கல்லில் ஏதோ பழங்காலப் பிராணி ஊர்ந்த வளைசுழித் தடங்கள் தெரிந்தன. அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. ஆயிரக்கணக்கான பறவைகளின் இரைச்சல் கேட்டது, நாற்றமும் வந்தது. "கடல் எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார் அம்மா.

மூடுபனிக்கு யார் மேலும் கோபப்பட முடியாது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் அது வரும், போகும். காத்திருந்தால் விலகும். காத்திருக்கத்தான் அந்த 30 நிமிடம்! அம்மாவால் வேகமாக இறங்க முடியாது என்பதால், கொடுத்த 60இலும் கடைசிப் பதினைந்தை இறங்குவதற்கே ஒதுக்கி, சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் சீட்டில் உட்கார்ந்தோம். எல்லோரும் வந்தாயிற்று. நாலு சீட் காலி.

17 நிமிடம். 42 பேருக்கும் தலைக்கு 17 என்றால் 714 நிமிடம், கிட்டத்தட்ட 12 மணி நேரம். அவர்கள் அகராதியில் அதற்கும் பெயர் ஐந்து நிமிடம். டிக்கெட்டில் 'தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருக்க மாட்டோம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்புறம் எதற்குக் காத்திருந்தீர்கள்? விட்டுவிட்டு வந்தால் அவர்கள் பட்டினி கிடந்து செத்துப்போக அது ஒன்றும் அண்டார்டிகா இல்லை. 350ஆம் எண் பேருந்து அங்கிருந்தே கால்வேக்கு வருகிறது. ஒரே ஒரு முறை நாலு பேரை விட்டுவிட்டுக் கிளம்பிப் பாருங்கள். ஆனால் செய்ய மாட்டார்கள். விட்டுவிட்டு வந்தால் அந்த நாலு பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதுவார்கள். காத்திருந்த நாங்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று டூர் கம்பெனிக்குத் தெரியும்.

நாலு பேரும் ஏறினார்கள். கன்னமெல்லாம் சிவந்து ஒரே உற்சாகம். அவர்களில் எங்கள் முன் சீட்டுப் பெண் போனைத் திருப்பிக் கைடிடம் காட்டினாள். கடைசிப் பத்து நிமிடத்தில் பனி விலகிவிட்டதாம்! பாறை அடுக்கடுக்காக, கீழே பிரானான்மோர் என்ற ஒற்றைக்கல் தூண் அலைக்கு நடுவே, மேலே கோபுரம், வெயிலோடு.

அம்மா எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். அதோடு விடவில்லை. அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி அவளிடம் கேட்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், நல்ல பெண், உடனே அனுப்பினாள்.

இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'மோஹர் போனோம்' என்று அம்மா போட்டிருப்பது அந்தப் படம்தான். சித்தி, மாமா எல்லோரும் இதயம் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் சிவப்புத் தொப்பி பாதி தெரிகிறது.