26 அங்குலம் என்றால் எந்த 26 அங்குலம்?

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், 11 சைக்கிள்கள் கறள் பிடித்து நிற்கின்றன. அவற்றில் 9, முட்டு முட்டாகப் புடைத்த டயரும் முன்னால் அதிர்வு தாங்கும் சொக்கும் பூட்டிய மவுண்டன் சைக்கிள்கள். பெரும்பாலானவை 2022இல் வாங்கப்பட்டவை. அந்த ஆண்டு ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, கிடைத்த விலைக்குக் கிடைத்த சைக்கிளை ஆட்கள் வாங்கினார்கள். எரிபொருள் வரிசைகள் குறைந்ததும் சைக்கிள்கள் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது அவற்றை மீண்டும் வெளியே எடுக்க நினைப்பவர்கள், நான் நாளாந்தம் சைக்கிளில் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போய் வருகிறேன் என்பதால், என்னிடம் வந்து கேட்கிறார்கள். டிஸ்க் பிறேக் போடலாமா, கியரைக் கூட்டலாமா என்பதே அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது.

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கொழும்பு வீதியில் ஓடுகின்ற சைக்கிளுக்குப் பணம் செலவழிப்பதானால், முதலில் நிலத்தைத் தொடுகிற டயருக்கும், அடுத்து நிறுத்துகிற பிறேக்குக்கும், அதன் பின் செயினுக்கும் செலவழிக்க வேண்டும். அந்த மூன்றும் ஒழுங்குக்கு வரும்வரை வேறெதையும் தொடக் கூடாது.

டயரிலிருந்து தொடங்குகிறேன். மவுண்டன் சைக்கிள் என்பது 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி மலைச்சரிவுகளில், மண்ணிலும் கல்லிலும் இறங்கி விளையாடியவர்கள் பழைய சைக்கிள்களை மாற்றி அமைத்ததிலிருந்து பிறந்த வண்டி. அதன் டயரில் இருக்கும் முட்டுகள் தளர்ந்த மண்ணைக் கவ்வுவதற்கானவை. எங்கள் கடலோர வீதியான மரைன் டிரைவின் தாரில் கவ்வுவதற்கு மண் இல்லை. அங்கே அந்த முட்டுகள் நெளிந்து நெளிந்து நம்முடைய மிதியைத் தின்கின்றன. நனைந்த தாரில் நிலத்தோடு ஒட்டுகிற றப்பரின் பரப்பும் குறைந்துவிடுவதால், வளைவில் பிடிப்பும் குறைகிறது. என் வண்டியில் நான் செய்த முதல் மாற்றம், 1.95 அங்குல முட்டு டயர்களைக் கழற்றிவிட்டு 1.5 அங்குல வழுவழுப்பான டயர்களைப் போட்டதுதான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர். அதே வண்டி, அதே கால்கள், ஆனால் காலிமுகத்திடலில் எதிர்க்காற்று அடிக்கும் நாட்களிலும் மூச்சு வாங்காமல் போய்ச் சேர முடிந்தது. வேறெந்தப் பாகத்துக்குக் கொடுத்த பணமும் இவ்வளவு வித்தியாசத்தை எனக்குத் தரவில்லை.

ஆனால் டாம் வீதிக் கடையொன்றில் போய் நின்று "26 டயர் ஒரு சோடி தாருங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். மவுண்டன் சைக்கிளின் 26 அங்குல டயர் றிம்மில் அமரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீற்றர். 26 × 1 3/8 என்று எழுதப்பட்டு, சாதாரணப் பாவனைச் சைக்கிள்களுக்கு வரும் டயரின் விட்டம் 590 மில்லிமீற்றர். இரண்டுக்கும் பெயர் 26 அங்குலம்தான். ஒன்றின் றிம்மில் மற்றது ஒருபோதும் அமராது. நம் ஊர்களில் அப்பாமார் ஓடிய உயரமான வண்டியின் 28 × 1 1/2 டயர் 635 மில்லிமீற்றர். இன்று 28 என்ற பெயரிலேயே விற்கப்படும் 700சி டயரோ 622. 29 அங்குலம் என்று புதிதாக வருவதும் அதே 622தான். 27.5 என்பது 584. அங்குலக் கணக்கு பழைய டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொன்ன பெயர் மட்டுமே. அதை நம்பி எதையும் வாங்க முடியாது. நம்ப வேண்டியது டயரின் பக்கச்சுவரில், பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும் 50-559 என்பது போன்ற எண். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது றிம்மில் அமரும் விட்டம். கடைக்குப் போகும் முன் அந்த எண்ணைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

ரியூப் வாங்கும்போது வால்வையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வுக்கு எரிபொருள் நிலையத்திலேயே காற்றடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கும், பழைய வண்டிகளின் றப்பர் போட்ட வால்வுக்கும் அது சரிவராது.

இனிப் பிறேக். இதில் எனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் என் வண்டியின் பிறேக் பிடி உடைந்தபோது, ஒரு கடையில் வேறொரு பிடியைப் பூட்டித் தந்தார்கள். பார்வைக்கு நல்ல பிடி, பிறேக்கும் நன்றாகவே பிடித்தது. ஆனால் அது, டயருக்கு மேலே ஒரே ஆணியில் பூட்டப்படும் பழைய கலிப்பர் பிறேக்குக்கு உரிய பிடி. என் வண்டியில் இருந்தது, றிம்மின் இரு பக்கமும் நீண்ட கைகள் நிற்கும் வீ பிறேக். வீ பிறேக்குக்கு மற்றதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளத்துக்குக் கேபிள் இழுபட வேண்டும். குறைவாக இழுக்கும் பிடியோடு அது, றிம்மை அழுத்தும் றப்பர்க் கட்டை புதிதாக இருக்கும்வரை மட்டுமே சமாளிக்கும். கட்டை தேயத் தேய, பிடி ஹாண்டிலை நோக்கி நெருங்கிக்கொண்டே வரும். ஒக்ரோபர் மாதத்துப் பின்னேர மழையொன்றில், பம்பலப்பிட்டிச் சந்திக்கு முன்னால் ஒரு பேருந்து திடீரென்று ஓரம் கட்டியபோது, என் வலது பிடி ஹாண்டிலில் முட்டி நின்றது, வண்டி நிற்கவில்லை. பின் பிறேக்கும் செருப்புக் காலும்தான் என்னைக் காப்பாற்றின. பிறேக்கும் பிடியும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து யாரைக் கண்டாலும் சொல்கிறேன்.

பிறேக் கட்டை, கேபிள், அதன் உறை ஆகிய மூன்றையும் புதிதாகப் போட்டு, பிடியோடு பொருத்தம் பார்த்தால், நம் சமதரை வீதிகளுக்கு வீ பிறேக் தாராளமாகப் போதும். கேபிளை மட்டும் மாற்றி உறையை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உறைக்குள் தேங்கிய மழைநீரும் கறளுமே பிடியை இறுகச் செய்கின்றன. டிஸ்க் பிறேக் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டகத்திலும், முன் சில்லைப் பிடிக்கும் போர்க்கிலும், டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரைப் பூட்டும் காது இல்லையென்றால், டிஸ்க்கைத் தாங்கும் ஹப்பும் (சில்லின் நடுப்பாகம்) இல்லையென்றால், அது பிறேக் மாற்றுவதாக இருக்காது, பாதி வண்டியை மாற்றுவதாகவே முடியும். ஏற்கெனவே எண்ணெய் டிஸ்க் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: ஷிமானோ பிறேக்குக்கு மினரல் ஒயில், ஸ்ராம் பிறேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு டொட் வகைத் திரவம். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் றப்பர் வளையங்கள் கெட்டு, முழுப் பிறேக்கும் போய்விடும்.

செயினைப் பற்றிப் பேசும்போது, வீட்டில் பிள்ளைகளின் அடிமட்டம் ஒன்று இருந்தால் போதும் என்பதைச் சொல்லி மகிழ்கிறேன். செயினின் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையிலான தூரம் அரை அங்குலம். ஆகவே ஓர் ஆணியின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வைத்தால், 24 ஆணிகள் தள்ளி இருப்பது சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளிப் போயிருந்தால், பற்சக்கரங்களும் அந்த நீண்ட செயினுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அவற்றின் மேல் புதுச் செயினைப் போட்டால், பச்சை விளக்கு விழுந்ததும் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல்லின் மேல் வழுக்கித் தாவும். புதுச் செயின் கூடாத செயின் என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிழை செயினில் இல்லை, பின் பற்சக்கரத் தொகுதியான பிறீவீலையும் சேர்த்து மாற்றாததில்தான் இருக்கிறது.

கியரின் எண்ணிக்கையைக் கூட்டுவது பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். பின்னால் 7 பற்சக்கரம் உள்ள மலிவான வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஹப்பில் திருகிப் பூட்டும் பிறீவீல். அதை 9 அல்லது 10 ஆக்க வேண்டுமென்றால் அநேகமாக ஹப், செயின், கியர் மாற்றி, கைப்பிடிச் சுவிச் எல்லாம் மாற வேண்டும். மேடு என்று சொல்ல அதிகமில்லாத கொழும்பில் அந்த 7இலேயே மூன்றைத்தான் நான் பாவிக்கிறேன்.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொரு பகை உண்டு. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மரைன் டிரைவில் போய்வந்த வண்டியைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்புக் கரிக்கும். இரும்புச் சட்டகத்துக்குள் செருகிய அலுமினியச் சீற்றுத் தண்டு, உப்பும் ஈரமும் சேர்ந்தால், சில வருடங்களில் உள்ளேயே ஒட்டி, எந்தப் பலத்துக்கும் அசையாமல் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசிச் செருகுவது பத்து நிமிட வேலை. பெடல் மரைகளுக்கும் அப்படியே. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதை மறந்துவிட வேண்டாம்; பலவந்தமாகத் திருகினால் கிராங்கின் மரை கெட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், எங்கள் தெருவுக்குச் சைக்கிளே வாகனமாக இருந்தபோது, அப்பா ஒவ்வொரு மாரிக்கும் முன் சில்லுகளைக் கழற்றுவார். பின் ஹப்பின் போல்ஸை, அதாவது உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளை, மண்ணெண்ணெயில் கழுவி, பக்கத்துக்கு ஒன்பது என்று எண்ணிப் போத்தல் மூடியில் வைப்பார். ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்காமல் பூட்டமாட்டார். புதுப் பாகம் வாங்க வழியில்லாத காலத்தின் பழக்கம் அது. பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும் இன்றைக்கும், அந்த மூடியிலிருந்து தொடங்கும் பராமரிப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். எத்தனை கியர் வண்டியானாலும் சில்லு சுழல்வது அந்தக் குண்டுகளின் மேல்தான்.

முன் சொக்கை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். மலிவான சுருள் சொக்குகள் பாரமானவை. உப்பில் இறுகியபின் அவை அசைவதுமில்லை. அதை எடுத்துவிட்டுச் சாதாரண போர்க் போடுவது நல்ல யோசனைதான், ஆனால் சொக்கின் உயரத்துக்கு நெருங்கிய உயரமுள்ள போர்க்காக இருக்க வேண்டும். குட்டையானதைப் போட்டால் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து, ஹாண்டிலின் சுபாவமே மாறிவிடும்.

என்னுடைய வண்டியில் இப்போது நடக்கும் வேலை பின் றிம். போன ஞாயிறு பிறேக் கட்டையில் சிக்கியிருந்த மண் துணிக்கைகளை ஊசியால் கிளறிக்கொண்டிருந்தபோது, றிம்மின் பக்கச்சுவரில் விரலை ஓட்டினேன். மட்டமாக இருக்க வேண்டிய இடம் உட்குழிந்திருந்தது. அந்தச் சுவர் அப்படியே மெலிந்துகொண்டு போனால் ஒரு நாள் காற்றழுத்தத்தில் வெடித்துப் பிளந்துவிடும். 36 கம்பித் துளை, 559 என்று தாளில் எழுதிக் கடையில் கொடுத்திருக்கிறேன். றிம் வரும்வரை பேருந்தில்தான் போகிறேன்.