"கொஞ்சம்போலத்தானே, ஒண்ணும் செய்யாது" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

மைதா கோதுமையிலிருந்துதான் வருகிறது. ரவையும் கோதுமைதான், சேமியாவும் கோதுமைதான். எல்லாவற்றிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நாகர்கோவிலில் தொடங்கி மார்த்தாண்டம் வரை எந்த பேக்கரியில் போய் "குளூட்டன் இல்லாம ஏதாவது இருக்கா?" என்று கேட்டாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. ஒன்று, "எக்லெஸ் இருக்கு மேடம்." இன்னொன்று, "மைதாவே சேர்க்கல, சுத்தமான கோதுமை மாவு, தைரியமா குடுங்க." தைரியமாகக் கொடுத்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பது என் மகள்.

அவளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்ச அங்கே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் இரும்புச்சத்தும் கால்சியமும் உடம்பில் சரியாகச் சேராது. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, ஆயுசு முழுக்க குளூட்டனை விலக்குவது ஒன்றுதான் வழி. தெற்கே இந்த நோய் வட இந்தியாவை விடக் குறைவு என்பதால் இங்கே யாருக்கும் முதலில் இது நினைவுக்கே வருவதில்லை. ரத்தம் குறைவு என்று டானிக், அப்புறம் பூச்சி மருந்து, மறுபடி டானிக் என்றே என் பிள்ளையின் வருஷங்கள் போயின. கடைசியில் ஒரு டாக்டர் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையை எழுதித் தந்து, எண்டோஸ்கோப்பியில் குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அந்தப் பிள்ளை பிறந்தநாளுக்கு டிராமிசு என்ற இத்தாலிய இனிப்பைக் கேட்டாள். காபியில் நனைத்த விரல் பிஸ்கட் ஓர் அடுக்கு, முட்டையும் மஸ்கார்போனே என்ற கிரீம் போன்ற சீஸும் சேர்த்து அடித்த கிரீம் ஓர் அடுக்கு, மறுபடி பிஸ்கட், மறுபடி கிரீம், மேலே கோகோ பவுடர். இதில் கோதுமை இருப்பது ஒரே இடத்தில்தான், அந்தப் பிஸ்கட்டில். சவோயார்தி என்று இத்தாலிக்காரர்கள் சொல்லும் அந்த ஒரு பிஸ்கட்டை அரிசி மாவில் செய்துவிட்டால் தீர்ந்தது. அரிசி மாவுக்கு நாஞ்சில் நாட்டில் பஞ்சமா? காலையில் புட்டு, ராத்திரி இடியாப்பம், ஞாயிற்றுக்கிழமை ஆப்பம் என்று அரிசியிலேயே பிறந்து வளர்ந்த ஊர் இது. இங்கே ஒரு கிலோ நம்பகமான அரிசி மாவுக்கு நான் நாயாய் அலைந்தேன்.

மில்லில் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? எனக்கு முன்னால் ஒருவர் சப்பாத்திக்குக் கோதுமை அரைத்துக்கொண்டு போனார். மிஷினின் வாயில் கோதுமை மாவு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மாவு விழும் துணிக்குழாயை ஒரு தட்டு தட்டினால் ஒரு கைப்பிடி மாவு பொலபொலவென்று கொட்டுகிறது. அதே மிஷினில், அதே குழாய் வழியாக என் அரிசி. நான் தயங்கியதைப் பார்த்து மில்காரர் சொன்னார்: "யக்கா, மொதல்ல ஒரு பிடி அரிசியப் போட்டு ஓட்டிட்டுத்தான் உங்களுக்கு அரைப்பேன். மிச்சம் கொஞ்சம்போலத்தானே கெடக்கும், ஒண்ணும் செய்யாது."

அந்தக் கொஞ்சம்போல எவ்வளவு என்று சொல்கிறேன். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளின் மேல் எழுத வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேல் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் நூற்றுக்கு எட்டுப் பங்கு போல குளூட்டன் என்று வைத்தால், ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த எல்லை வந்துவிடும். கால் கிராம் என்பது இரண்டு விரலால் நுள்ளி எடுக்கும் அளவு. அந்தத் துணிக்குழாயிலிருந்து கொட்டியதோ ஒரு கைப்பிடி!

பொட்டலம் போட்ட மாவு வாங்கலாமே என்பார்கள். வாங்கினேன். கோதுமை கலந்திருந்தால் பாக்கெட்டில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பெரிய கம்பெனிக்காரர்கள் போடுகிறார்கள். ஆனால் நம்மூர் சந்தைகளில் கிடைப்பது பாதிக்கு மேல் வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டியது. அதில் விலை இருக்கும், எடை இருக்கும், வேறொன்றும் இருக்காது. கோகோ பவுடரும் இப்படித்தான், ஐசிங் சர்க்கரையும் இப்படித்தான். பேக்கிங் சாமான் கடையில் பெரிய டப்பாவைத் திறந்து கரண்டியால் அள்ளி நிறுத்துத் தருகிறார்கள். அந்தக் கரண்டி அதற்கு முன்னால் எந்த டப்பாவில் இருந்தது என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

வீட்டில் கேக் செய்து விற்கும் ஒரு பெண், "குளூட்டன் ஃப்ரீ டிராமிசு நான் செய்து தாறேன் அக்கா" என்று ஃபோனில் உற்சாகமாகச் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று மாவைப் பற்றிக் கேட்டேன். "அரிசி மாவும் ஓட்ஸும்தான் அக்கா. பைண்டிங்குக்கு மட்டும் ஒரு ஸ்பூன் மைதா போடுவேன்." ஒரு ஸ்பூன் மைதா! கேட்டிருக்காவிட்டால் அதை என் பிள்ளைக்கு நானே ஊட்டியிருப்பேன். ஓட்ஸிலும் பிரச்சினை இருக்கிறது. வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்தே வருவதால், சோதித்துச் சான்று போட்டதைத் தவிர மற்றதை நம்பக் கூடாது.

எனக்கு ஆத்திரம் எங்கே முட்டுகிறது தெரியுமா? டிராமிசு பிறந்த நாடு இத்தாலி. 1970களில் திரெவிசோ நகரத்து உணவகம் ஒன்றிலிருந்து பரவியது என்பார்கள். அங்கே ரொட்டி கோதுமை, பாஸ்தா கோதுமை, பீட்சாவும் கோதுமை. கோதுமையைத் தின்றே வாழும் அந்த நாட்டில் 2005-இலேயே சீலியாக் நோயாளிகளுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசாங்கம் மாதாமாதம் உதவி கொடுக்கிறது. பிள்ளைகளிடம் இந்த நோய் இருக்கிறதா என்று நாடு முழுக்கப் பரிசோதிக்க 2023-இல் இன்னொரு சட்டம். கோதுமை தின்கிறவர்களால் முடிகிறது. மூன்று வேளையும் அரிசி தின்கிற நம்மால் ஒரு கிலோ அரிசி மாவைச் சுத்தமாக அரைத்துத் தர முடியவில்லை.

"நமக்கு என்ன, நம்ம சாப்பாடு எல்லாம் அரிசிதானே" என்று சொல்கிறவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் ஒரு ரசவடை வாங்கிக் கொடுக்கக்கூட இதனால் எனக்குப் பயம்.

சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதே பாடு. எங்கள் மைனி நல்லவர்தான், பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் கேக் வெட்டும்போது, "பிள்ளைக்குக் கொதி கெடக்கும்லா, ஒரு துண்டு குடு, ஒரு நாள்தானே" என்பார். அந்த ஒரு நாளுக்கு என் மகள் எத்தனையோ நாள் படுகிறாள். பிள்ளைக்கு அந்தக் கொதி, அந்த ஆசை கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவள் தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை வருஷா வருஷம் பார்க்கிறவள் நான். அதற்குத்தானே இத்தனை அலைச்சல்!

சரி, கடைசியில் எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள். பச்சரிசியைக் கழுவி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கோதுமையே தொடாத மிக்சி ஜாரில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்தேன். வெறும் அரிசி மாவில் பிஸ்கட் நறநறவென்று உதிரும். அதனால் 50 கிராம் அரிசி மாவுக்கு 30 கிராம் கூவைக்கிழங்கு (ஆரோரூட்) மாவு. முன்பெல்லாம் கைக்குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பார்களே, அதுதான், தெரிந்த வீட்டில் இடித்து எடுத்தது. மூன்று முட்டையின் வெள்ளையைத் தனியாக நுரை நிற்கும்வரை அடித்து, 75 கிராம் சர்க்கரை, மஞ்சள் கரு, மாவு என்று மெதுவாகக் கலந்து, விரல் நீளத்துக்குப் பிழிந்து 180 டிகிரியில் வேகவைக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேண்டாம், சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச் இருக்கும். ஆறியதும் உடனே டப்பாவில் அடையுங்கள். நம்மூர்க் காற்றின் ஈரத்துக்கு அரை மணியில் நமுத்துவிடும்.

மஸ்கார்போனே நம் பக்கத்துக் கடைகளில் கேட்டால் கிடைக்காது. கொழுப்பு கூடிய கிரீமை 85 டிகிரி வரை சூடாக்கி, எலுமிச்சைச் சாறு விட்டு, துணியில் கட்டி ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வடியவிட்டால் வந்துவிடும். 25 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் கிரீமில் செய்தால் தளதளவென்றுதான் நிற்கும். மஞ்சள் கருவைப் பச்சையாகப் போடாமல் சர்க்கரையோடு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து அடித்துச் சூடாக்கினேன், நம் வெயிலுக்கு அதுதான் சரி. டிகாஷனில் பிஸ்கட்டை ஒரு நொடி, ஒரு பக்கம் மட்டும் தொட்டு எடுங்கள். அரிசி பிஸ்கட் கோதுமையைப் போல் தாங்காது.

மகள் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், வயிற்றுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் வேலைக்குப் போகும் ஒரு தாய் எத்தனை தடவை இப்படி அரிசி ஊறவைத்து உலர்த்திக்கொண்டிருக்க முடியும்?

மில் நடத்துகிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன். மிளகாய்க்குத் தனி மிஷின் வைத்திருக்கிறீர்கள். மாவில் காரம் ஏறினால் ஊரே சண்டைக்கு வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அதேபோல அரிசிக்கு மட்டும் ஒரு மிஷினை ஒதுக்குங்கள். கோதுமையை அதன் பக்கமே கொண்டுவராதீர்கள், வாசலில் எழுதியும் போடுங்கள். கூலி கூடக் கேட்டாலும் தருகிறேன். அஞ்சுகிராமத்தில் வைத்தாலும் சரி, குலசேகரத்தில் வைத்தாலும் சரி, தக்கலையிலிருந்து பஸ் ஏறி நான் வருவேன்.