முனியாண்டி கோயில் கடாவும் செம்பனைக் காட்டு எலியும்

போன மாதம் எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழா. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் படையல், அப்புறம் கடா வெட்டு, பொழுது சாய்வதற்குள் பாதிப் பேர் கோலாலம்பூருக்குக் கார் ஏறிவிடுவார்கள். இந்த முறை பந்தியில் ஒரு சண்டை. அக்கா மகள், "இந்தக் காலத்திலும் இது தேவையா மாமா?" என்று கேட்டுவிட்டாள். எதிரே இருந்த பெரியவர், "நேர்த்திக்கடனைப் பற்றி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

நான் கறி சாப்பிடுகிறவன். அன்றைக்கும் சாப்பிட்டேன். அவள் கேட்டது தப்பென்றும் தோன்றவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. பந்தலை ஒட்டியே செம்பனை (எண்ணெய்ப் பனை) வரிசை. மர அடியில் எலி மருந்துக் கட்டி போட்டிருந்தார்கள். அதற்காக ஒருவரும் இலையை விட்டு எழவில்லை.

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அப்பாவுக்கு இரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையின் பெயர் வார்ஃபரின். பல் துலக்கினால் ஈறில் இரத்தம், லேசாக இடித்தால் தொடையில் நீலம். அளவு கூடிவிடக் கூடாதென்று மாதாமாதம் இரத்தப் பரிசோதனை. எலிக் கட்டியிலும் பல காலமாக அதே வார்ஃபரின்தான். அளவு பார்க்க எலிக்கு யார் இருக்கிறார்கள்? உடம்புக்குள்ளேயே இரத்தம் கசிந்து, சாக நாள் கணக்காகும். கடாவுக்கு ஒரே வெட்டு.

எலியைக் கொல்லவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அது பழத்தைக் கடித்து நாசம் செய்யும். ஆண் பூவுக்குள் இருக்கும் வண்டுப் புழுவையும் தின்றுவிடும். பூவுக்குப் பூ மகரந்தம் சேர்க்கும் அந்த வண்டின் கதை தெரியுமா? 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள் (நம் கேமரன் மலை இல்லை, ஆப்பிரிக்கா). அதற்கு முன் மகரந்தப் பொடியை டால்க் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பூவில் ஊதுவது ஆட்கள் வேலை. அம்மாவும் அந்த வேலைக்குப் போனவர். "வண்டு வந்தது, எங்க வேலை போச்சு" என்பார். வண்டுக்குத் தோட்டத்தில் இன்றைக்கும் மரியாதை. எலிக்கு விஷம்.

கூகைக்கு வீடே கட்டித் தருகிறார்கள். ராத்திரியில் கூகை கத்தினால் சாவு விழும் என்று பாட்டி வாசலில் உப்பு போடுவார். இன்றைக்கு அதே பறவைக்காக ஐந்து பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி, கம்பத்தின் மேல். ஏனென்றால் அதன் சாப்பாடு கிட்டத்தட்ட முழுக்க எலிதான். வேடிக்கை என்னவென்றால், ப்ரோடிஃபாகூம் போன்ற புதிய வகை விஷம் செத்த எலியின் உடம்பிலேயே தங்கி, தின்ற கூகையையும் கொல்லும். வீடு கட்டித் தருவதும் நாம், சோற்றில் விஷம் வைப்பதும் நாம்.

2018இல் கோம்பாக்கில் சினைப் பூனையைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் சிறைத் தண்டனையும் கிடைத்தது. நியாயம்தான், நானும் அந்தச் செய்தியைப் பகிர்ந்தேன். ஆனால் 1999இல், நிப்பா வைரஸ் வந்தபோது, இதே நெகிரி செம்பிலானிலும் வேறு சில மாநிலங்களிலும் இராணுவத்தை வைத்துச் சுட்டும் புதைத்தும் சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். நூற்றுக்கு மேல் மனித உயிர் போயிருந்தது, வேறு வழியும் தெரியவில்லை. இருந்தாலும் அவை எப்படிச் செத்தன என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. பன்றிதானே.

கொல்லலாமா கூடாதா என்ற கேள்வியில் நாம் ஒருநாளும் ஒத்துப்போகப் போவதில்லை. எவ்வளவு நேரம் வதைபடுகிறது என்பதையாவது எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி கேட்கலாம். தோட்டத்தில் கூகைப் பெட்டியைக் கூட்டி விஷத்தைக் குறைக்கச் சொல்லிப் பார்க்கிறேன், கேட்பார்களா தெரியாது. கோயில் கமிட்டியில் எனக்கு ஒரு குரல் இருக்கிறது. கடாவைக் காலையிலிருந்தே ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், வெயிலில் கட்டக் கூடாது. ஒன்றை வெட்டுவதை இன்னொன்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன்.

அன்றைக்கு அந்தக் கடா நாலு மணி நேரம் அப்படித்தான் நின்றது. நாற்காலி அடுக்கிக்கொண்டு நானும் அந்தப் பக்கம் பத்துத் தடவையாவது போய் வந்திருப்பேன். வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தது அக்கா மகள்தான்.