வீட்டு வாசலைவிட உயரமாகிவிட்ட தெரு
2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததற்குத் தாமிரபரணியின் வெள்ளம் ஒன்றே காரணம் என்று அந்த வெள்ளம் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது, ஆற்றோரத்தில் உள்ள சிந்துபூந்துறைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் பொருந்தலாமே தவிர, ஆற்றிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் எங்கள் தெருவுக்குப் பொருந்தாது. என் தந்தை வீடு கட்டியபோது வாசலில் மூன்று படிகள் இருந்தன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மீதே மீண்டும் மீண்டும் சாலை போட்டதில் இன்று ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறது, அதிலும் பாதி ஜல்லிக்குள் புதைந்து கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் நிலைப்படியை ஒட்டி மணல் மூட்டை அடுக்குவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டிலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருந்தும், எங்கள் தெருவில் கடைசியாகச் சாலை போட்ட ஒப்பந்ததாரரிடம் அதைச் சொன்னபோது, சுரண்டும் இயந்திரம் சந்துக்குள் நுழையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். (ரோடு ரோலர் மட்டும் எப்படியோ நுழைந்துவிட்டது.) அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக்கொள்ளலாமே என்று எழுதியிருக்கிறார், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள எங்கள் வளவு வீடுகளில் ஒன்றை மட்டும் எப்படித் தூக்குவது என்பதையும் அவரே சொன்னால் நல்லது. சாலை வேலைக்கான மதிப்பீட்டில் வாசல் மட்டத்தையும் அளந்து குறிக்கச் செய்யும்படி வார்டு உறுப்பினர்கள் வற்புறுத்த வேண்டும். தெருவின் உயரம் கூடியதா இல்லையா என்பதை அப்போது யாரும் மறுக்க முடியாது.